ஒரே அறையில் மூன்று வகுப்பு: பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்களுக்கு

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் மே மாதக் கடைசியில் என் வீட்டு வாசலுக்கு வந்து கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டீச்சர், பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்தேன். ஒன்றாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கின்றன. அங்கே சேர்த்தால் பிள்ளை படிக்குமா?" கானாடுகாத்தானில் பழைய வீட்டை விடுதியாக்கிய இடத்துக்கு வேலைக்கு வந்தவர், ஆத்தங்குடியில் தரைக்கல் வார்க்கும் பட்டறைக்கு வந்தவர், புதுவயல் அரிசி ஆலைக்கு வந்தவர், பூட்டிக் கிடந்த பெரிய வீட்டைக் காவல் பார்க்க வந்த குடும்பம், சென்னையில் வாடகை கொடுத்து மாளாமல் அப்பத்தா வீட்டுக்கே திரும்பியவர் என்று எல்லோருக்கும் இந்தக் கவலைதான்.

நான் 27 ஆண்டுகள் ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் இருந்தவள். அதில் பெரும்பகுதி ஈராசிரியர் பள்ளிகளில் கழிந்தது. படிக்கும் என்பதே என் பதில். நன்றாகவே படிக்கும். ஆனால் சேர்க்கும் முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளிக்குள் போக வேண்டும்.

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாளும் 800 மணி நேரப் பாடமும் இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அப்படியானால் நாளொன்றுக்கு நான்கு மணி நேரம், 240 நிமிடம். ஓர் ஆசிரியர் மூன்று வகுப்புக்கு இதைப் பங்கிட்டால், உங்கள் பிள்ளையின் வகுப்போடு அவர் நேராக உட்கார்ந்திருப்பது 80 நிமிடம். மீதி 160 நிமிடம் அவர் வேறு வகுப்போடு இருப்பார். அந்த 160 நிமிடத்தில் உங்கள் பிள்ளை என்ன செய்கிறது? பல்வகுப்பு அறையில் பிள்ளையைச் சேர்க்கலாமா வேண்டாமா என்பதை இந்த ஒரு கேள்வியை வைத்தே முடிவு செய்யலாம். இனி நான் சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் அந்த 160 நிமிடத்தைப் பற்றியதுதான்.

முதலில், அறை ஏன் இப்படி இருக்கிறது

ஒன்று முதல் ஐந்து வரையுள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூன்று என்பது சட்டம் வகுத்த அளவு. செட்டிநாட்டு ஊர்களில் பிழைப்புக்காக வெளியேறியவர்களின் வீடுகள் வரிசை வரிசையாகப் பூட்டிக் கிடக்கின்றன. பல ஊர்ப் பள்ளிகளில் மொத்தப் பிள்ளைகளே முப்பது, நாற்பதுதான். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். அதனால் ஒன்று, இரண்டு, மூன்று ஓர் அறையிலும், நான்கும் ஐந்தும் மற்றோர் அறையிலும் சேர்கின்றன. இதைப் பள்ளியின் அலட்சியம் என்று எண்ணிக்கொண்டு உள்ளே போகாதீர்கள்.

இது நம் நாட்டுக்குப் புதிய ஏற்பாடும் அல்ல. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எல்லா வயதுப் பிள்ளைகளும் ஒன்றாகத்தான் உட்கார்ந்தார்கள். மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னவர்களுக்கு மணலில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தான். எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளி ஒன்றைக் கவனித்துவந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இந்த வழக்கத்தைப் பார்த்துத் தம் பள்ளியில் கையாண்டு, ஊர் திரும்பி 1797-இல் அதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் விழுந்தது. 1939-இல் அடையாறு வந்த மரியா மாண்டிசோரி, போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கியிருந்தபோது பல வயதுப் பிள்ளைகளை ஒன்றாக வைத்தே பாடம் நடத்தினார். இன்று நகரங்களில் அதிகக் கட்டணம் வாங்கும் மாண்டிசோரி பள்ளிகள் ஆறு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளை ஓர் அறையில் வைப்பது விரும்பிச் செய்வது. நம் ஊரில் அது எண்ணிக்கையால் நேர்ந்தது. எப்படி நேர்ந்தது என்பதைவிட, ஆசிரியர் அதற்கு ஆயத்தமாக இருக்கிறாரா என்பதே முக்கியம்.

அரசும் ஆயத்தம் செய்துதான் இருக்கிறது. பிள்ளைகள் பாட அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தாமே படித்து முன்னேறும் ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளி முறையைத் தழுவிய செயல்வழிக் கற்றல் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08 வாக்கில் மாநிலம் முழுவதும் வந்தது. இன்றும் பழைய வகுப்பறைகளில் சுவரின் அடிப்பகுதியில், உட்கார்ந்த பிள்ளையின் கைக்கு எட்டுகிற உயரத்தில், ஒரு கரும்பலகைப் பட்டை ஓடுவதைப் பார்ப்பீர்கள். அது அந்தக் காலத்தின் மிச்சம். 2022-இல் வந்தது எண்ணும் எழுத்தும் திட்டம். இதில் ஒன்று முதல் மூன்று வரையுள்ள பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பார்க்கிறார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை படிப்பில் அரும்பு நிலையில் இருக்கலாம், மொட்டில் இருக்கலாம், மலரிலும் இருக்கலாம். இந்த மூன்று பெயர்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மிகவும் உதவும்.

ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பாருங்கள்

தமிழ்நாட்டு விதிப்படி ஒரு கிலோமீட்டர் நடைதூரத்துக்குள் தொடக்கப் பள்ளி இருக்க வேண்டும். ஆகவே உங்கள் வீட்டைச் சுற்றி ஒன்றோ இரண்டோ இருக்கும். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, எட்டாம் வகுப்பு வரை உள்ள நடுநிலைப் பள்ளி, நகரத்தார் குடும்பங்கள் முன்னாளில் தொடங்கி இன்று அரசு உதவியோடு நடக்கும் பள்ளி ஆகிய மூன்றும் கலந்துதான் இந்தப் பக்கத்தில் இருக்கின்றன. பெயர்ப்பலகையையும் கட்டடத்தையும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு, ஒரு வேலை நாளில் காலை மணி அடிப்பதற்கு முன்பே போய், மதிய உணவு வரை இருங்கள். கோடை விடுமுறையில் போனால் சுவரைத்தான் பார்க்க முடியும். ஊர் மாறுவது முன்கூட்டியே தெரிந்தால் மார்ச் மாதத்திலேயே ஒரு நடை வந்துவிடுங்கள்.

காலை உணவிலிருந்தே கவனியுங்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024 ஜூலையில் ஊரகப் பகுதி உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. உப்புமாவோ பொங்கலோ தட்டில் விழும் நேரத்தில் யார் யாருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறார்கள், சின்னப் பிள்ளையின் தட்டைப் பெரிய பிள்ளை பிடிக்கிறதா, தள்ளிவிட்டு முன்னே போகிறதா என்று பாருங்கள். ஆசிரியர் சொல்லிக்கொடுத்த ஒழுங்கு எது, பிள்ளைகளிடம் ஊறிப்போன பழக்கம் எது என்பது அங்கே பிரிந்து தெரியும்.

பாடம் தொடங்கியதும் ஆசிரியரைப் பார்க்காதீர்கள். ஆசிரியர் முதுகு காட்டியிருக்கும் பக்கத்தைப் பாருங்கள். அவர் இரண்டாம் வகுப்போடு தரையில் உட்கார்ந்திருக்கும்போது மூன்றாம் வகுப்பு என்ன செய்கிறது? மூன்று விதங்களில் ஒன்றைக் காண்பீர்கள். ஒன்று, பிள்ளைகள் கையில் முடிக்க வேண்டிய வேலை இருக்கிறது. அட்டையோ பயிற்சி நூலோ, சேர்ந்து விளையாடும் எண் விளையாட்டோ ஏதோ ஒன்று. முடித்த பிள்ளை அடுத்ததை எங்கே எடுப்பது என்று தானாகவே தெரிந்து எழுந்து போகிறது. இது நல்ல அறை. இரண்டு, கரும்பலகையில் எழுதிப்போட்டதை எல்லோரும் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். சத்தம் இராது. பெற்றோருக்கு இது மிகவும் பிடிக்கும். எனக்குப் பிடிக்காது. பார்த்து எழுதுவதில் கைதான் வேலை செய்கிறது. எப்போதாவது என்றால் சரி, அந்த 160 நிமிடமும் இப்படியே போனால் வேறு பள்ளி பாருங்கள். மூன்று, பிள்ளைகள் சும்மா இருக்கிறார்கள். இதற்கு விளக்கம் வேண்டாம்.

நல்ல அறை எப்படி இருக்கும் என்று சொல்ல ஒரு காட்சி. ஆத்தங்குடிக் கல் பதித்த பழைய வீட்டுக் கூடம் ஒன்றில், பள்ளிக் கட்டடம் பழுதுபார்க்கப்பட்ட சில மாதங்கள் எங்கள் வகுப்பு நடந்தது. தரையில் பூப்போட்ட கட்டங்கள். ஒரு நாள் மூன்று வகுப்புக்கும் அந்தத் தரையையே பாடமாக்கினேன். ஒன்றாம் வகுப்பு, சுவரோரமாக ஒரு வரிசைக் கற்களை விரல் வைத்து எண்ணியது. இரண்டாம் வகுப்பு, ஒரு வரிசைக்கு ஒன்பது கல், நான்கு வரிசைக்கு எத்தனை என்று கூட்டிக் கூட்டிப் பெருக்கலுக்கு வந்து சேர்ந்தது. மூன்றாம் வகுப்புக்குக் கூடம் முழுவதும். ஆனால் நடுவில் நான்கு தூண்கள் நிற்கின்றன. தூண் நிற்கும் இடத்துக் கல்லை எப்படிக் கழிப்பது என்று அவர்களுக்குள் பெரிய வாக்குவாதம். ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் வரிசையை விட்டுவிட்டு, அந்த வாக்குவாதத்தை வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டு நின்றான். மறு ஆண்டு பெருக்கல் தொடங்கியபோது அவன், "இது எனக்குத் தெரியும் டீச்சர், தூணைக் கழிக்கிற கணக்குதானே" என்றான். தனி வகுப்பில் இருந்திருந்தால் அவன் காதில் அது விழுந்திருக்காது. பல்வகுப்பு அறையில் பிள்ளை தன் பாடத்தை ஓர் ஆண்டு முன்னதாகவே ஒட்டுக்கேட்டுவிடுகிறது. அடுத்த ஆண்டு பழைய பாடத்தைத் தம்பி தங்கைகள் படிக்கும்போது இன்னொரு முறை கேட்கிறது.

புறப்படும் முன் ஆசிரியரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள், பணிவாக. நீங்கள் மற்ற வகுப்போடு இருக்கும்போது இவர்களுக்கு எப்படி வேலை கொடுக்கிறீர்கள்? சீக்கிரம் முடிக்கும் பிள்ளை அடுத்து என்ன செய்யும்? உங்களுக்குப் பயிற்சியோ விடுப்போ வரும் நாளில் இந்த அறையை யார் பார்ப்பார்? நல்ல ஆசிரியருக்கு இந்தக் கேள்விகள் பிடிக்கும். யாராவது கேட்டால் போதும் என்று காத்திருப்பவர்கள் அவர்கள்.

தாள்கள்

இதற்கு அதிகம் அலைய வேண்டாம். அண்மை ஆண்டுகளில் அரசுப் பள்ளிச் சேர்க்கை மார்ச்சிலேயே தொடங்கிவிடுகிறது. ஜூலை 31-க்குள் ஐந்து வயது நிரம்பினால் ஒன்றாம் வகுப்பு. பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்று ஆகியவை இருந்தால் கொண்டுபோங்கள். வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பது சட்டம். ஆண்டின் நடுவில் வந்தாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் அதைக் காரணம் காட்டிப் பிள்ளையை வெளியில் நிறுத்தக் கூடாது. நுழைவுத் தேர்வும் கிடையாது.

மாநிலத்துக்குள்ளேயே பள்ளி மாறுகிறவர்கள் மறந்துவிடும் ஒன்று எமிஸ் எண், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேட்டில் பிள்ளைக்கு உள்ள எண். பழைய பள்ளி தன் பதிவிலிருந்து பிள்ளையின் பெயரை விடுவித்தால்தான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். மாற்றுச் சான்றிதழ் வாங்கும் அன்றைக்கே, அங்கே நின்றபடியே, "எமிஸிலும் விடுவித்துவிட்டீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். ஊர் வந்த பிறகு திருப்பூருக்கும் சென்னைக்கும் தொலைபேசியில் கெஞ்சிக்கொண்டிருந்த தகப்பன்மாரைப் பார்த்திருக்கிறேன்.

எந்த வகுப்பில், எந்த நிலையில்

இங்கேதான் பெற்றோர் மிகுதியாகத் தடுமாறுகிறார்கள். "தமிழ் படிக்க வராது, ஒரு வகுப்பு கீழே போட்டுவிடுங்கள்" என்று தாமாகவே கேட்கிறார்கள். பெங்களூரிலோ மலேசியாவிலோ வளர்ந்த பிள்ளை, ஆங்கில வழியில் இருந்த பிள்ளை, ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த தொழிலாளியின் பிள்ளை என்றால் இந்தக் கோரிக்கை நிச்சயம் வரும். வேண்டாம். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்ப்பதுதான் சட்டம். அதைவிட, பல்வகுப்பு அறையில் கீழே போட வேண்டிய தேவையே இல்லை.

எட்டு வயதுப் பெண் ஒருத்தி இந்தி மட்டும் பேசிக்கொண்டு ஆகஸ்ட் மாதத்தில் வந்தாள். வருகைப் பதிவேட்டில் மூன்றாம் வகுப்பு. தமிழில் அரும்பு. கணக்கில் மலர். தனி வகுப்பாக இருந்திருந்தால் 'அ' எழுதப் பழகுவதற்காக அவள் ஒருத்தி மட்டும் மூலையில் உட்கார்ந்திருப்பாள். இங்கே தமிழ் நேரத்தில் ஐந்தாறு சின்னப் பிள்ளைகளோடு வட்டத்தில் உட்கார்ந்தாள். கணக்கு நேரத்தில் எழுந்து தன் வயதுக் கூட்டத்துக்குப் போனாள். அறையில் எல்லோரும் எழுந்து எழுந்து இடம் மாறுகிறவர்கள்தான், ஆகையால் அவளை யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை. 'ழ'வின் சுழியைத் தாழ்வான கரும்பலகையில் அவளுக்குப் போட்டுக் காட்டியது ஆறு வயதுப் பிள்ளை. பதிலுக்கு இவள் அந்தப் பிள்ளைக்கு விரல்விட்டுக் கழித்தல் சொல்லித் தந்தாள்.

தமிழ் கட்டாயப் பாடம் என்பது 2006-இல் வந்த சட்டம். வெளிமாநிலப் பெற்றோர் அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். தொடக்கப் பள்ளி வயதில், பேசுகிற பிள்ளைகளுக்கு நடுவில், மொழி வேகமாக ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே சேர்க்கும்போது கேட்க வேண்டியது, "தமிழில் எந்த நிலை, கணக்கில் எந்த நிலை, எப்போது மறுபடியும் பார்ப்பீர்கள்?" என்பதுதான். நிலை என்பது பிள்ளையின் தலையில் எழுதிய எழுத்து அல்ல. பருவத்துக்குப் பருவம் மாற வேண்டியது. ஒரு பருவம் முழுவதும் நிலை அசையவில்லை என்றால் போய்க் கேளுங்கள். கண் பார்வையையும் காதையும் ஒரு முறை பரிசோதித்துவிடுங்கள். தனிக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளுக்காக வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியரைப் பார்க்க முடியுமா என்றும் தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

அண்ணனும் தங்கையும் ஒரே அறைக்குப் போவது இங்கே சாதாரணம். முதல் வாரம் அது தைரியம். அதற்குப் பிறகு, தங்கையைக் கேட்ட கேள்விக்கு அண்ணன் பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவான். இருவரையும் வெவ்வேறு பாயில் உட்கார வைக்கும்படி ஆசிரியரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

முதல் இரண்டு வாரம்

பெரிய பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்கு மணியடித்து மணியடித்துப் பாடம் மாறிய பழக்கம் இருக்கும். இங்கே ஆசிரியர் சொல்லாமலே அடுத்த வேலைக்குப் போக வேண்டும். "டீச்சர் ஒன்றுமே சொல்லித் தரவில்லை" என்று வீட்டுக்கு வந்து சொல்லும். உடனே பள்ளிக்கு ஓடாதீர்கள். பிள்ளை பொய் சொல்லவில்லை. ஆசிரியர் தன்னைப் பார்த்துப் பேசினால்தான் பாடம் என்று அது இதுவரை நினைத்திருந்தது, அவ்வளவுதான்.

தானாக வேலை எடுத்துச் செய்யும் பழக்கத்தை வீட்டில் ஊன்றலாம். பள்ளி திறக்கும் முன்பே தொடங்குங்கள். இருபது நிமிடம் உங்களைக் கூப்பிடாமல் ஒரு வேலையை முடிக்கட்டும். படம் வரையட்டும், கொட்டானில் (ஓலைக் கூடையில்) கிடக்கும் புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகப் பிரிக்கட்டும், கதைப் புத்தகத்தில் தெரிந்த எழுத்தைத் தேடட்டும். சந்தேகம் வந்தால் முதலில் தானே யோசிப்பது, பிறகு பக்கத்துப் பிள்ளையைக் கேட்பது, அதற்குப் பிறகு ஆசிரியரிடம் போவது என்ற வரிசையையும் சொல்லிக்கொடுங்கள். கூச்சமுள்ள பிள்ளைக்கு இந்த வரிசை மிகவும் உதவும். ஆசிரியர் வேறு வகுப்போடு இருக்கும்போது எழுந்து போய்க் கேட்கலாமா கூடாதா என்று தெரியாமலேயே பல பிள்ளைகள் அரை மணி நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருப்பதைக் கண்டிருக்கிறேன்.

சிறுநீர் கழிக்க அனுமதி கேட்பதையும் சொல்லிக் கொடுத்து அனுப்புங்கள். சின்ன விஷயம்தான். ஆனால் முதல் வாரத்தில் அழுத பிள்ளைகளில் பாதிப் பேர் அழுதது இதற்காகத்தான்.

வீட்டில் என்ன கேட்பது

"இன்றைக்கு டீச்சர் என்ன நடத்தினார்?" என்று கேட்டால், "ஒன்றுமில்லை" என்று பதில் வரும். "டீச்சர் பெரிய பிள்ளைகளோடு இருந்தபோது நீ என்ன செய்தாய்?" என்று கேளுங்கள். பிள்ளை கதை கதையாகச் சொல்லும். "யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாய், யாருக்குச் சொல்லிக்கொடுத்தாய்?" என்றும் கேளுங்கள். இரண்டு கேள்விக்கும் வாரத்தில் நான்கைந்து நாள் உருப்படியான பதில் வந்தால் அந்த 160 நிமிடம் வீணாகவில்லை என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமை பயிற்சி நூலைப் புரட்டுங்கள். ஆசிரியரின் திருத்தம் எத்தனை பக்கத்தில் இருக்கிறது என்பதைவிட, திருத்திய பிழை அடுத்த பக்கத்தில் மறுபடி வருகிறதா என்று பாருங்கள். மறுபடி வந்தால் பிள்ளைக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேரவில்லை. அந்தப் பக்கத்தை மடித்து வைத்துத் திங்கட்கிழமை ஆசிரியரிடம் காட்டுங்கள். முப்பது பிள்ளையை மூன்று வகுப்பாகப் பார்க்கும் ஒருவருக்கு, "இந்த இடத்தில் நிற்கிறது" என்று விரல் வைத்துக் காட்டும் பெற்றோர் பெரிய துணை.

தனிப்பயிற்சிக்கு உடனே அனுப்ப வேண்டாம் என்பது என் கருத்து. அங்கேயும் பத்து வகுப்புப் பிள்ளைகள் ஒரே கூடத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள், வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு.

பிள்ளை சட்டாம்பிள்ளை ஆகும்போது

மூன்றாம் ஆண்டில் உங்கள் பிள்ளை அந்த அறையின் மூத்த பிள்ளை. சொல்லிக்கொடுப்பது நல்லது. சொல்லிக்கொடுக்கும்போதுதான் தனக்கே தெளிவாகத் தெரியும். ஆனால் இதில் ஓர் எல்லை இருக்கிறது, அந்த எல்லையை நானே ஒரு முறை தாண்டிவிட்டேன்.

வகுப்பில் மிகவும் சூட்டிகையான பையன் ஒருவன் இருந்தான். எதையும் முதலில் முடிப்பான். முடித்தவுடன், "போப்பா, அந்தப் பிள்ளைக்கு வாய்பாடு சொல்லிக்கொடு" என்பேன். ஒரு பருவம் இப்படியே ஓடியது. அவன் அம்மா ஒரு நாள் வந்து, குரலை உயர்த்தாமல், "டீச்சர், என் பிள்ளை இந்த மூன்று மாதத்தில் புதிதாக என்ன படித்தான்?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு பிள்ளையின் நேரத்தை எடுத்து மற்றொரு பிள்ளைக்குக் கொடுத்திருந்தேன். அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். ஒரு பிள்ளை நாளுக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் சொல்லிக்கொடுக்கக் கூடாது. முடித்துவிட்ட பிள்ளைக்கு அதற்கு மேற்பட்ட வேலை தனியாக ஒரு பெட்டியில் இருக்கும்: நீளமான கதை, வழிகள் பல உள்ள கணக்கு, ஊர்க் கண்மாயின் வரைபடம். உங்கள் பிள்ளை மூத்தவனாகும் ஆண்டில் அந்தத் தாயின் கேள்வியை நீங்களும் கேளுங்கள். ஆசிரியர் வருத்தப்பட மாட்டார். நான் வருத்தப்படவில்லை, இன்றும் அவரை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

ஓர் ஆசிரியர் வராத நாள்

ஈராசிரியர் பள்ளியின் உண்மையான பலவீனம் இதுதான். ஒருவருக்குப் பயிற்சி அல்லது காய்ச்சல் என்றால் ஐந்து வகுப்பும் மற்றொருவர் தலையில். அன்றைக்கு 80 நிமிடம் 48 ஆகிவிடும். இதற்குப் பெற்றோர் தனியாக ஒன்றும் செய்ய முடியாது, சேர்ந்தால் முடியும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். புதிதாக வந்தவர்கள், "நமக்கு இந்த ஊரில் என்ன பேச்சு" என்று ஒதுங்குகிறார்கள். ஒதுங்காதீர்கள். கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். அங்கே சண்டை போட வேண்டியதில்லை. ஒரே ஆசிரியர் இருக்கும் நாளில் பிள்ளைகள் எடுத்துச் செய்ய ஒரு வாரத்துக்கான வேலைப் பெட்டி தயாராக இருக்கிறதா என்று கேளுங்கள். கதை சொல்ல, கைவேலை சொல்லிக்கொடுக்க, தலைமையாசிரியர் ஒப்புதலோடு யார் வர முடியும் என்று ஒரு பட்டியல் போடுங்கள். பனையோலைக் கொட்டான் முடையத் தெரிந்த ஆச்சி ஒருவர் போதும், ஒரு பிற்பகலுக்கு. முடையும் ஓலையை ஒன்றுவிட்டு ஒன்று எண்ணும்போது ஒற்றைப்படை இரட்டைப்படை தானாக வந்துவிடும்.

ஆசிரியர் இடமே காலியாக இருந்தால் குழுவின் தீர்மானத்தோடு வட்டாரக் கல்வி அலுவலரைப் பாருங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். தீர்மானத்தின் நகலை ஒருவர் வீட்டில் பத்திரமாக வைத்திருங்கள்.

ஐந்தாம் வகுப்பு முடியும்போது

பன்னிரண்டு பேர் உட்கார்ந்த அறையிலிருந்து பிள்ளை காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ ஒரு பெரிய பள்ளிக்கு ஆறாம் வகுப்புக்குப் போகும். தானாகப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்குப் பாடம் பெரிய சிரமமாக இராது. பாடத்துக்கு ஓர் ஆசிரியர், மணிக்கு மணி மாற்றம், ஒரே வயதுப் பிள்ளைகள் நாற்பது ஐம்பது பேர், இவைதான் திகைக்க வைக்கும். ஐந்தாம் வகுப்பின் மூன்றாம் பருவத்தில், ஜனவரிக்குப் பிறகு, அந்தப் பள்ளிக்கு ஒரு முறை கூட்டிப்போய் வாசல், கழிப்பறை, குடிநீர்க் குழாய், பஸ் நிற்கும் இடம் ஆகியவற்றைக் காட்டிவிடுங்கள். நேரம் வைத்து ஒரு பக்கம் எழுதப் பழக்குங்கள். பல்வகுப்பு அறையில் அவசரமில்லாமல் முடித்துப் பழகிய பிள்ளைக்குத் தேர்வு மணி புதிது.

மாற்றுச் சான்றிதழைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று படியுங்கள். பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி, தகப்பன் பெயர், எல்லாம் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று எழுத்தெழுத்தாக ஒத்துப் பாருங்கள். பிழை இருந்தால் அன்றைக்கே திருத்தக் கேளுங்கள். நாளை பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறப்போவது இந்தப் பெயர்தான், அதற்குப் பிறகு திருத்துவதற்கு அலைச்சல் அதிகம்.